எறி எண்ணிக்கை ஏடு

ஜூன் 11
ஈட்டிப் போட்டியில் ஒருவருக்கு அதிகபட்சம் 6 எறிதல்தான்: முதலில் 3, முதல் எட்டுப் பேருக்குள் வந்தால் இன்னும் 3. தோளைத் தேய்ப்பது பயிற்சி. அதனால் ஏட்டில் நான்கு கட்டம்: முழு ஓட்டம் ஓடி எறிவது, மூன்றடி வைத்து எறிவது, நின்ற இடத்திலிருந்து எறிவது, பந்து எறிவது. ஐந்தாவது, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட். பவுண்டரியிலிருந்து கீப்பருக்கு விடும் வீச்சும் அதே தோள் கணக்கில்தான் ஏறுகிறது. பையன்கள் தாங்களாகச் சொல்வதில்லை, கேட்டு எழுத வேண்டும்.

ஜூன் 14
அமெரிக்க பேஸ்பாலில் எண்ணுவது பழகிப்போன விஷயம். சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் 2007-இல் வீச்சுகளை எண்ணத் தொடங்கியது. 2014-இல் வந்த 'பிட்ச் ஸ்மார்ட்' என்ற வீச்சு வரம்பு அட்டவணைப்படி 13–14 வயதுக்கு நாளுக்கு 95 வீச்சு. 21–35 வீசினால் 1 நாள் ஓய்வு, 66-ஐத் தொட்டால் 4 நாள். அந்தப் பந்து சுமார் 145 கிராம், 18 வயதுக்குட்பட்ட ஆண்களின் ஈட்டி 700. எண்களை அப்படியே தூக்கி வர முடியாது. எறிதல் கூடினால் ஓய்வும் கூடும் என்ற கணக்கை மட்டும் எடுத்திருக்கிறோம்: முழு ஓட்டம் வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி.

ஜூன் 23
ஸ்டோர் ரூமில் இருந்தது பெரியவர்களின் 800 கிராம் ஈட்டி மட்டும். இன்று எறிதல் இல்லை, மெடிசின் பால் (கனமான பயிற்சிப் பந்து) போதும்.

ஜூலை 2
தோள் எவ்வளவு சுழல்கிறது என்று அளந்த நாள். மல்லாக்கப் படுத்து, மேற்கையைப் பக்கவாட்டில் 90 டிகிரியில் வைத்து, முழங்கையை மடக்க வேண்டும். தோள்பட்டை எலும்பை ஒரு கையால் அமுக்கிப் பிடிக்காவிட்டால் அளவு பொய் சொல்லும். எறியும் கை வெளிப்பக்கம் திரும்புவது 115 டிகிரி, உள்பக்கம் 45. மறுகை 95, 65. இரண்டுக்கும் கூட்டல் 160, எலும்பே எறிதலுக்கேற்பத் திரும்பியிருக்கிறது, பயமில்லை. வெளிப்பக்கம் 105 மட்டும் வந்திருந்தால் கூட்டலில் 10 குறையும். அப்போது தோளின் பின்பக்க இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும்: கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து 30 விநாடி, மூன்று முறை.

ஜூலை 16
"வலிக்குதா தம்பி?" என்றால் "இல்லண்ணே" என்றுதான் பதில் வரும். "எந்த இடம்னு விரலால காட்டு" என்றால் காட்டிவிடுகிறார்கள். 14 வயதுப் பையன் ஒருவன் காட்டியது மேற்கையின் மேல்பகுதி, வெளிப்பக்கம். அமுக்கினால் முகம் சுளிக்கிறான். அங்கேதான் வளர்ச்சித் தட்டு, எலும்பு நீளும் குருத்தெலும்பு அடுக்கு. மேற்கை எலும்பு நீள்வதில் சுமார் 80 சதவீதம் அந்த இடத்தில் நடக்கிறது. உடம்பு முன்னே திரும்பிய பிறகும் கை பின்னே தங்கும் கணத்தில் எலும்பு முறுக்கப்படுகிறது. பெரியவர்களுக்குத் தசைநார் கிழியும், இந்த வயதில் குருத்தெலும்பான தட்டுதான் முதலில் விட்டுக்கொடுக்கும். முன்கால் முட்டி மடங்கி, கையால் மட்டும் எறிகிறவர்களுக்குச் சுமை இன்னும் அதிகம்.

சுளுக்கு எடுக்க அனுப்பக் கூடாது. மாத்திரை போட்டுக்கொண்டு எறியவும் கூடாது. எலும்பு மருத்துவரிடம் இரண்டு தோளுக்கும் எக்ஸ்ரே கேட்க வேண்டும். மறுதோள் படம் இல்லாவிட்டால் தட்டு அகன்றிருப்பது கண்ணில் படாமல் போகும்.

ஜூலை 18
தட்டு அகன்றிருக்கிறது. சுமார் மூன்று மாதம் எறிதல் கிடையாது, கிரிக்கெட்டும்தான். ஓட்டம், குந்தி எழுதல், வயிறு-இடுப்புப் பயிற்சி தொடரலாம்.

அக்டோபர் 20
அமுக்கினால் வலியில்லை, பலம் இரு பக்கமும் சமம், மருத்துவரும் சரி என்கிறார். டென்னிஸ் பந்து, 14 மீட்டர், 25 வீச்சு. பத்து நிமிடம் உட்கார்ந்து, மறுபடி 25. நாளை ஓய்வு. இப்படி இரண்டு முறை வலியில்லாமல் முடித்தால் 18 மீட்டர். வலித்தால் அன்றே நிறுத்தி, முந்தைய தூரத்துக்குத் திரும்ப வேண்டும். ஈட்டி ஸ்டோர் ரூமிலேயே இருக்கட்டும்.