பெயர் எழுதுவதற்கு முன்னால்

ஜூலை 5, 2022

இலங்கை முழுக்கப் பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. நேற்றிலிருந்து பாடசாலைகள் மறுபடி மூடல். இந்த நெருக்கடியில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பு என்னவாகிறது என்று ஆய்வுக்காகக் கேட்கத்தான் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் வந்திருக்கிறேன். தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எந்த டிவிஷன் என்று தெரிந்தாலே வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நோட்டைத் திறந்ததும் ஒரு அக்கா அடையாள அட்டையோடு ஓடிவந்தார். "மிஸ், என் பேரையும் போட்டுக்கங்க. மூணு புள்ளைங்க." நிவாரண லிஸ்ட் என்று நினைத்திருக்கிறார். இது ஆய்வு, சாமான் எதுவும் கிடைக்காது என்றேன். "பரவாயில்ல மிஸ், எதுக்கும் எழுதி வைங்க." இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கோதுமை மா விலையால் ரொட்டியை எண்ணிச் சுடுகிற வீட்டில் யார் கேட்டாலும் 'சரி' என்றுதான் பதில் வரும். பேனாவை மூடிவிட்டுச் சும்மா கதைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 12

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் உதவ வந்தார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக் களத்திலேயே ஆட்களைக் கூப்பிட்டுத் தருகிறாராம். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் வேலையை மேற்பார்க்கிற கங்காணி முன்னால் பேர் கூப்பிட்டால் மாட்டேன் என்று யாரால் சொல்ல முடியும்? வேண்டாம் என்றேன்.

வேலை நேரத்தில் பேசினால் கொழுந்து கிலோ குறையும், அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். நாட்சம்பளமே 1,000 ரூபாய். அதனால் கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டிய பிறகுதான் போகிறேன். ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்து வரிசை வீட்டில் இருமினாலே பக்கத்துக் காம்பராவுக்கு, அதாவது பக்கத்து அறைக்குக் கேட்கும். கடன், சாப்பாடு பற்றிய பேச்சை இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) எடுப்பதே இல்லை. பீலிக்கு (தண்ணீர்க் குழாயடிக்கு) தண்ணீர் எடுக்கப் போகும்போது கூட நடந்தால் அவர்களாகவே சொல்கிறார்கள். ரெக்கோர்டிங் கிடையாது.

ஜூலை 19

ஒரு தாய், 15 வயது மகனைக் கொழும்புக் கடையொன்றில் வேலைக்கு விடப்போவதாகச் சொன்னார். 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது அவருக்கும் தெரியும். சொன்னதை வெளியே விடமாட்டேன், பிள்ளைக்கு ஆபத்தென்றால் மட்டும் மறைக்கமாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். 1929 என்பது பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் அறிவிக்கிற சிறுவர் உதவி இலக்கம் என்பதையும். உடனே போன் எடுத்தால் அந்த லயத்தில் இனி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பேசாமல் இருந்தால் பையன் போய்விடுவான். தாயிடம் கேட்டு, அவரோடேயே வகுப்பாசிரியர் வீட்டுக்குப் போனேன். பயணம் இப்போதைக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

ஜூலை 26

நேற்றுப் பாடசாலை திறந்தது. வாரத்தில் 3 நாள்தான். பையன் போனான்.

எழுதியதைத் தாய்க்கு வாசித்துக் காட்டினேன். கடன் கொடுத்தவரைப் பற்றிய பகுதியை எடுத்துவிடச் சொன்னார்; எடுத்துவிட்டேன். மற்றதை இங்கே போட அவருக்கும் சம்மதம், மகனுக்கும் சம்மதம். வியாழனும் அவன் வந்தானா என்று ஆசிரியரிடம் விசாரிக்கலாமா என்று கேட்டேன். "நானே சொல்றேன் மிஸ்" என்றார். சரி, காத்திருக்கிறேன்.