கடற்கரைச் சாலையில் 600 கிலோமீட்டர்: ஏற மறுத்த பதிவை ஏற்றிய அனுபவம்

சைக்கிளில் 50, 100 கிலோமீட்டர் போய் வருகிறவர்களுக்கு, ஓட்டத்தின் ஜி.பி.எஸ். பதிவை இணையதளத்தில் ஏற்றுவது ஒரு வேலையே இல்லை. வீட்டு வாசலில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினால், குளித்துவிட்டு வருவதற்குள் வரைபடம் தளத்தில் வந்து நிற்கும். 400, 600 என்று போகும்போதுதான் சிக்கல் வருகிறது. ஒன்றரை நாள் ஓட்டிய ஓட்டம் ஒரே பதிவாக மொபைலில் இருக்கும், தளம் மட்டும் அதை வாங்காது. இதில் மாட்டிக்கொண்டு பதிவையே அழித்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஓட்டம் ராமநாதபுரத்தில் விடியுமுன் 4.30 மணிக்குத் தொடங்கியது. முதலில் தெற்கே திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி போய்த் திரும்பினோம். அப்புறம் கிழக்கே மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், அரிச்சல்முனை. கடைசியாக வடக்கே தேவிபட்டினம், தொண்டி, மீமிசல் தாண்டி மணமேல்குடி வரை போய் வந்தோம். பிரெவே என்னும் நேர வரம்புள்ள நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களின் கணக்கில் 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம் என்பதால், நாங்களும் அதே நேர வரம்பை வைத்துக்கொண்டோம். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக அடிக்கும் பருவம் அது. தூத்துக்குடிப் பக்கம் போகும்போது முகத்தில் அறைந்த காற்று, பாம்பன் பாலத்தில் பக்கவாட்டில் தள்ளியது. சாலையோரச் சீமைக்கருவேல முள் செய்த பஞ்சர்கள் தனிக் கதை.

என்னுடைய பதிவு மொபைல் ஆப்பில் இருந்தது. கூட வந்த தம்பி ஹேண்டில்பாரில் மாட்டும் ஜி.பி.எஸ். கருவி வைத்திருந்தார். முடித்து வந்து ஏற்றப் பார்த்தால், இரண்டு பதிவுமே ஏறவில்லை. அதுவும் இரண்டுக்கும் வேறு வேறு காரணம்.

என் மொபைலில் ஏறும் அடையாளம் சுற்றிக்கொண்டே இருந்தது, கடைசியில் ‘பிறகு முயற்சிக்கவும்’ என்று வந்தது. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. திரும்பத் திரும்ப அழுத்தியும் அதே பதில்தான். இந்த இடத்தில்தான் பலர் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏறாத பதிவு மொபைலுக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஆப்பை நீக்கினால் பெரும்பாலும் அதுவும் சேர்ந்து போய்விடும்.

கீழக்கரையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் காக்கா (அந்தப் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவரும் எங்களோடு ஓட்டுகிறவர்தான். அவரிடம் போனேன். “காக்கா, ஏத்தவே முடியல” என்றதும் அவர் முதலில் கேட்டது, “ஒரிஜினல் ஃபைல் எங்க இருக்கு தம்பி? அத ரெண்டு எடத்துல காப்பி எடுத்து வச்சிட்டு வாங்க, அப்புறம் பாப்போம்.” ஆப்பிலிருந்து ஜி.பி.எக்ஸ். என்னும் தடக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, பென் டிரைவில் ஒன்றும் மெயிலோடு வரும் டிரைவில் ஒன்றுமாக வைத்தோம். அதற்குப் பிறகு என்ன செய்தாலும் நகலில் மட்டும்தான் செய்தோம்.

கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாக ஏற்றியபோது உண்மைக் காரணம் தெரிந்தது. கோப்பு மிகப் பெரியது. மொபைல் ஆப் சொல்லாத காரணத்தைப் பல நேரம் பிரவுசர் சொல்லிவிடும். அதனால் ஏறவில்லை என்றால் முதலில் பிரவுசரில் போட்டுப் பாருங்கள் என்றுதான் இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஏன் அவ்வளவு பெரிது? ஜி.பி.எக்ஸ். என்பது 2002-இல் வந்த வடிவம். உள்ளே இருப்பது வெறும் எழுத்து, நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். ஒவ்வொரு விநாடிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம், இதயத்துடிப்பு எல்லாவற்றையும் தொடக்கக் குறி, முடிவுக் குறியோடு எழுதும். ஒரு புள்ளிக்கு 350 பைட் என்று வைத்துக்கொள்வோம். 40 மணி நேரத்துக்கு 1,44,000 விநாடி. பெருக்கினால் 50 எம்.பி. தாண்டுகிறது. தளங்கள் இவ்வளவு வாங்குவதில்லை. ஓட்டப் பதிவுகளுக்கான ஸ்ட்ராவா தளம் ஒரு கோப்புக்கு 25 எம்.பி. என்று வரம்பு வைத்திருக்கிறது. நான் ஏற்றப் பார்த்தது வேறொரு தளம், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. கருவிகள் எழுதும் ஃபிட் வடிவத்தில் இந்தத் தொல்லை குறைவு. அது எழுத்தாக இல்லாமல் எண்களாகவே அடுக்கி வைப்பதால், இதே ஓட்டம் சில எம்.பி.க்குள் அடங்கிவிடும்.

சரி, எப்படிச் சுருக்குவது? எல்லோரும் சொல்லும் வழி, கோப்பை இரண்டு மூன்றாக வெட்டி ஏற்றுவது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கிலோமீட்டர் கூட்டல் சரியாக வரும், ஆனால் அந்த ஓட்டம் ஒன்றாக இருக்காது. இரவெல்லாம் மிதித்து மறுநாள் வெயிலில் தொண்டி தாண்டிப் போனது ஒரே மூச்சில் நடந்தது. வரைபடத்திலும் அது ஒரே கோடாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். அதனால் வெட்டாமல் இளைக்க வைக்க என்ன வழி என்றுதான் தேடினோம்.

முதலில் தேவையில்லாத எழுத்துகளைக் கழித்தோம். அட்சரேகை எண்ணில் புள்ளிக்குப் பிறகு வால் நீளமாக ஓடியது. ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர் என்றால், ஆறாவது இலக்கம் குறிப்பது ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். மொபைலின் ஜி.பி.எஸ். திறந்த வெளியிலேயே 5 மீட்டர் அளவுக்குத்தான் துல்லியம். ஆறுக்கு மேல் இருக்கும் இலக்கங்களால் யாருக்கும் பயனில்லை. நேரத்தில் விநாடிக்குப் பின்னால் வரும் பூஜ்யங்களையும் எடுத்துவிட்டோம். இதிலேயே கோப்பு நன்றாகக் குறைந்தது, ஆனாலும் வரம்புக்குள் வரவில்லை.

அடுத்தது புள்ளிகளைக் குறைப்பது. இதில் நம் கடற்கரைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜி.பி.எஸ்.பேபல் என்று இலவச மென்பொருள் ஒன்று உண்டு. நல்ல கருவி. அதில் எளிமையாக்கும் வசதி இருக்கிறது. கோட்டின் வடிவம் மாறாதபடி, வேண்டாத புள்ளிகளை அதுவே நீக்கும். கொடைக்கானல் போன்ற மலைப்பாதைக்கு இது பொருத்தம். கிழக்குக் கடற்கரைச் சாலையோ பல இடங்களில் நூல் பிடித்தாற்போல நேராகப் போகிறது. தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை போகும் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நேர்கோட்டுக்கு இரண்டு முனை போதுமே என்று மென்பொருள் இடையில் உள்ள எல்லாவற்றையும் தூக்கிவிடுகிறது. வரைபடம் அப்படியே இருக்கும், உள்ளே இருந்த தகவல் போய்விடும். இதயத்துடிப்பு போச்சு. சாயல்குடியில் டீக்கடையில் உட்கார்ந்த நேரம் ஓட்டிய நேரத்தோடு கலந்துவிடும், ஏனென்றால் நின்றதைக் காட்டும் புள்ளிகளே இல்லை. ஓட்டிய நேரம் கூடி, சராசரி வேகம் இறங்கிவிடுகிறது.

ஆகவே வடிவத்தைப் பார்த்துக் குறைக்காமல், நேரத்தைப் பார்த்துக் குறைத்தோம். காக்கா பைத்தான் நிரல்மொழியில் சில வரி எழுதி, மூன்று விநாடிக்கு ஒரு புள்ளி மட்டும் நிற்கும்படி செய்தார். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்பது 21 மீட்டர் தூரம். நேர்ச்சாலையில் 21 மீட்டருக்கு ஒரு புள்ளி தாராளம். 1,44,000 புள்ளி 48,000 ஆகும், கோப்பும் மூன்றில் ஒரு பங்காகும். நின்ற இடம் நின்ற இடமாகவே தெரியும்.

இது தவிர, ஜி.இசட். என்னும் சுருக்கக் கோப்பாக அழுத்தி ஏற்றும் வழியும் உண்டு. எழுத்துக் கோப்பு என்பதால் நன்றாக அழுந்தும், மெதுவான இணைப்பில் ஏற்றவும் உதவும். ஆனால் விரித்த பிறகு இருக்கும் அளவைப் பார்க்கும் தளத்தில் இது பலிக்காது.

இளைத்த கோப்பைப் போட்டதும் வேறொரு தடை வந்தது: இதே ஓட்டம் ஏற்கனவே இருக்கிறதாம். மொபைலிலிருந்து ஏற்றியபோது பாதியில் நின்ற ஒன்று, கணக்கில் வெறும் கூடாகப் போய் உட்கார்ந்திருந்தது. தொடங்கிய நேரம் ஒன்றாக இருந்தால் தளம் இரட்டைப் பதிவு என்று நினைத்துக்கொள்ளும். பழையதை நீக்கிவிட்டுப் போட்டோம், ஏறிவிட்டது. முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரை ஒரே கோடு. மனசு நிறைந்துபோனது.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கோப்புக்குள் இருக்கும் நேரம் நம் நேரம் இல்லை, உலகப் பொது நேரம். அது ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். எங்கள் 4.30 மணித் தொடக்கம் உள்ளே முந்தின நாள் 23.00 என்று இருந்தது. கோப்பின் நள்ளிரவில் வெட்டினால், நம் கணக்குக்கு அது காலை 5.30.

தம்பியின் சங்கதி வேறு. அவர் கருவியின் பேட்டரி தேவிபட்டினம் தாண்டியதும் தீர்ந்துபோனது. ஃபிட் கோப்பின் தலைப்பகுதியில் மொத்த நீளமும், கடைசி இரண்டு பைட்டில் சரிபார்ப்பு எண்ணும் இருக்க வேண்டும். சட்டென்று மின்சாரம் நின்றால் கருவி அவற்றை எழுதாமலே விட்டுவிடலாம். அதுவரை ஓட்டியது முழுக்க உள்ளே இருந்தும், கோப்பு பழுது என்று தளம் தள்ளிவிடும். “எல்லாம் போச்சுண்ணே” என்று அவர் சொன்னபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது. ஆனால் இதற்கென்றே பழுது நீக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. இருக்கும் புள்ளிகளைப் படித்து, நீளத்தையும் சரிபார்ப்பு எண்ணையும் புதிதாக எழுதிக் கொடுக்கும். காக்கா அப்படித்தான் மீட்டார். ஜி.பி.எக்ஸ். இப்படிப் பாதியில் அறுந்திருந்தால் இன்னும் சுலபம். நோட்பேடில் திறந்து, அரைகுறையாக நிற்கும் கடைசிப் புள்ளியை நீக்கிவிட்டு, பகுதி, தடம், கோப்பு என்ற வரிசையில் மூன்று முடிவுக் குறிகளையும் போட்டால் போதும்.

தேவிபட்டினத்துக்கு அப்பால் என் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டித் தருகிறேன் என்றேன். தன் கருவி பதியாததைத் தன் பதிவாகப் போட அவருக்கு மனமில்லை. அதுவே நியாயம் என்று எனக்கும் பட்டது.

ஏறிய பிறகு உயரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். சில மொபைல் ஆப்கள் ஜி.பி.எஸ். தரும் உயரத்தைத் திருத்தாமல் எழுதும். இந்தியாவுக்குத் தெற்கே புவியீர்ப்பு குறைந்த பெரிய பகுதி ஒன்று இருப்பதால், நம் பக்கத்துக் கடல்மட்டமே, பூமியின் வடிவமாக ஜி.பி.எஸ். கணக்குவைக்கும் நீள்வட்டத்துக்கு ஏறக்குறைய 90 மீட்டர் கீழே இருக்கிறது. ராமேஸ்வரம் மைனஸ் 90 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். தளத்தில் உயரம் திருத்தும் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், சரியாகிவிடும்.

மொபைலில் பதிகிறவர்கள் பேட்டரி சேமிப்பு அந்த ஆப்பை நிறுத்தாதபடி செட்டிங்ஸில் விலக்கு கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் திரை அணைந்ததும் பதிவு நின்று, மறுபடி தொட்டதும் தொடரும். இடைவெளியைத் தளம் நேர்கோடாக இணைக்கும். மண்டபத்தில் நின்று தொண்டியில் தொடர்ந்தால், பாக் விரிகுடா மேலேயே சைக்கிள் ஓட்டியதாக இருக்கும். ஏரோப்பிளேன் மோடில் போட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், சார்ஜும் மிஞ்சும். அரிச்சல்முனைப் பக்கம் இலங்கை சிக்னலைப் பிடிக்கும் தொல்லையும் இல்லை.

இப்போதெல்லாம் 300-க்கு மேல் போகும்போது, ஆப்பில் பதியும் இடைவெளியை முன்கூட்டியே மூன்று விநாடியாக வைத்துவிடுகிறேன். தம்பி பவர் பேங்க்கை ஃபிரேம் பையில் கட்டி, கருவியோடு வயரால் இணைத்தே கிளம்புகிறார். திரும்பி வந்ததும் முதலில் எக்ஸ்போர்ட் செய்து நகல் எடுக்கிறோம், அதற்குப் பிறகுதான் ஏற்றும் பொத்தானைத் தொடுகிறோம்.