பாறணைச் சோறு

கொழும்பில் பண்டிகைக் காலச் சாப்பாடு என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது காலிமுகத்திடல் பக்கத்து ஹோட்டல்களின் நத்தார் பஃபே. நான் பத்து வருடங்களுக்கு மேலாகக் காசு மேசையில் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதியோரம் உள்ள ஒரு சைவக் கடையில். எங்களுக்கு டிசம்பர் அவ்வளவு பெரிய விஷயமில்லை. டொரன்டோவிலும் லண்டனிலும் இருந்து வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து நெய்த்தோசை கேட்பார்கள். பிள்ளைகள் தோசையைப் படம் எடுப்பார்கள், பாதியை மிச்சம் விடுவார்கள். திருவெம்பாவைப் பூசை முடிந்து விடியற்காலையில் கோப்பி குடிக்கச் சிலர் வருவார்கள். அவ்வளவுதான். சைவக் கடைக்குப் பெருநாள் என்றால் விரத நாள். ஊர் பட்டினி கிடக்கிற நாளில்தான் எங்கள் காசு லாச்சி நிறையும்.

வெசாக் போயாவை, பௌத்தர்களின் பௌர்ணமிப் பெருநாளைப் பாருங்கள். இறைச்சிக்கடையும் சாராயக்கடையும் பூட்டு. அன்றைக்கு எங்கள் மேசைகளில் பாதிப் பேர் சிங்களக் குடும்பங்கள். தோசைக்கு வடை தனியாகக் கேட்டு, சாம்பாரை இரண்டு தரம் வாங்குவார்கள். ஆடி அமாவாசைக்கு அப்பா இல்லாதவர்கள் வருவார்கள், சித்திரா பௌர்ணமிக்கு அம்மா இல்லாதவர்கள். ஆடி அமாவாசை மதியம் தவறாமல் வரும் ஒரு ஐயா, சாப்பாட்டோடு இன்னொரு சின்ன இலைத் துண்டும் வாங்குவார். எல்லாக் கறியிலும் ஒரு கிள்ளு வைத்து மடித்துக்கொண்டு, குறுக்கு ஒழுங்கையால் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போவார். காகத்துக்கு. வெள்ளவத்தையில் காகத்துக்குக் குறைவில்லை. அவர் திரும்பி வந்து உட்காரும் வரை அந்த மேசையை யாருக்கும் கொடுக்க மாட்டோம். எவ்வளவு சனம் நின்றாலும் சரி.

எல்லாவற்றிலும் பெரியது கந்தசஷ்டி. தீபாவளி முடிந்த கையோடு தொடங்கி ஆறு நாள். சிலர் பாலும் பழமும் மட்டும், சிலர் ஒருபொழுது. ஒருபொழுதுக்காரர்தான் எங்களிடம் வருகிறவர்கள். அந்த ஆறு நாளும் குசினியில் வெங்காயமும் உள்ளியும் இல்லை. சாம்பார், சட்னி எல்லாம் மாறும். மசாலாத் தோசை கிடையாது. இதெல்லாம் எங்களுக்கே தெரியும். தெரியாமல் இருந்தது தோசைக்கல். வழக்கமாகப் பாதி வெங்காயத்தைக் கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுத்தான் கல்லைத் தேய்ப்பார்கள். ஒருநாள் ஒரு அக்கா மேசையில் இருக்கவே மாட்டேன் என்று நின்றபடி கேட்டா: "தம்பி, கல்லிலை வெங்காயம் தேய்ச்சதோ?" அதற்குப் பிறகு சஷ்டிக்கென்று ஒரு கல் தனியாக இருக்கிறது. தேய்க்கத் தென்னந்தும்பைக் கட்டி வைத்திருக்கிறோம். மற்ற நாட்களில் அந்தக் கல் அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடக்கும்.

நான் மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். எங்களுக்குத் தீபாவளிதான் பண்டிகை. முற்பணம் வாங்குவது, புதுத்துணி, விடியற்காலையில் எண்ணெய் தேய்த்த முழுக்கு, ஆட்டுக்கறி. வருடம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகத்தான். வெள்ளவத்தைச் சைவக் கடைகளின் குசினியில் நிற்கிற பொடியன்களில் எத்தனையோ பேர் என்னைப் போல மலையிலிருந்து வந்தவர்கள். தீபாவளிக்கு முதல் நாள் புறக்கோட்டையில் ஹட்டன் பஸ்ஸுக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தால் தெரியும். அவர்கள் போனால் கடை நொண்டும். போக விடாவிட்டால் சண்டை. எனக்கு லீவு கிடைப்பது சஷ்டி முடிந்த பிறகு. அப்போது வீட்டில் முறுக்கு டின்னின் அடியில் தூள்தான் இருக்கும். மகள் ஒரு முறுக்கை ஒளித்து வைத்திருப்பாள்.

நான் கடையில் சேர்ந்த முதல் வருடம், சஷ்டியின் கடைசி நாளான சூரன்போருக்கு அடுத்த நாள் காலை. ஆறு மணி இருக்கும். கதவில் ஒரு பக்கம்தான் திறந்திருந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். நெற்றி நிறைய விபூதி, முழுகிய தலையில் ஈரம் காயவில்லை. நேராகக் காசு மேசைக்கு வந்து, "தம்பி, சோறு இருக்கோ?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சோறு பதினொன்றரைக்குத்தாங்கம்மா. இட்லி, இடியப்பம், பொங்கல் எல்லாம் சூடா இருக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "பாறணைக்கு இட்லியே தம்பி சாப்பிடுறது?" என்றார். பிறகு திரும்பிப் போனார். படியில் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

பாறணை என்ற சொல்லையே நான் அன்றைக்குத்தான் கேட்டேன். குசினியில் இருந்த பருத்தித்துறைக்காரப் பெரியவர் விஷயத்தைக் கேட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஆறு நாள் கிடந்த சீவனடா அது. விடியச் சோறும் கறியுமாய்ச் சாப்பிட்டுத்தான் விரதம் முடிக்கிறது. ஒரு வார்த்தை உள்ளுக்கு வந்து கேட்டிருந்தா உலையை வைச்சிருப்பனே." நான் வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். பஸ் தரிப்பிடம் வரைக்கும் யாரும் இல்லை. அந்த அம்மா அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. வந்திருந்தாலும் நான் அடையாளம் கண்டிருப்பேனோ தெரியாது. முகத்தை விட அந்த ஈரத் தலைதான் மனதில் நிற்கிறது.

வீட்டில் சமைக்காமல் ஏன் கடைக்கு வருகிறார்கள் என்று அப்போது எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. இப்போது இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், இங்கே நாலாம் மாடி ஃபிளாட்டில் ஒருவர் அல்லது இருவர். பட்டினி கிடக்க ஒருவர் போதும். ஆறு நாள் கிடந்த உடம்போடு விடியற்காலை எழும்பி, தேங்காய் திருவி, நாலைந்து கறி வைக்க ஒருவரால் முடியாது. விளம்பரத்தில் காட்டுகிற பண்டிகைக் கூட்டம் சிரித்துக்கொண்டு ஒன்றாகச் சாப்பிடும். எங்கள் கடையின் பண்டிகைக் கூட்டத்தில் பாதிப் பேர் தனியாக வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள். பக்கத்து மேசைக்காரரும் பாறணை என்று தெரிந்தால் மட்டும் லேசாகத் தலையசைப்பார்கள்.

முதலாளியிடம் சொல்லி அடுத்த வருடத்திலிருந்து பாறணைக்குச் சோறு போடுகிறோம். எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை. கோயிலிலேயே சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. 2023இல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிறு. ஊருக்குப் போன பொடியன்களில் இரண்டு பேர் திரும்பவே இல்லை. சூரன்போர் 18, சனி. அன்றிரவு கடை பூட்டப் பதினொன்றாகிவிட்டது; மூன்று மணிக்கு மறுபடி உலை. பூசணிக்காய், வாழைக்காய், பயற்றங்காய், பருப்பு, கீரை. ஐந்தரைக்கு முதல் ஆள் வந்தார். எட்டு மணிக்குள் பதினான்கு பேர். பாதிப் பானைச் சோறு மிச்சம்.

ஒன்பது மணிக்குக் குசினிக்குப் பின்னால் எல்லோரும் தட்டோடு குந்தினோம். புதிதாகச் சேர்ந்த பொடியன், அவனும் எங்கள் பக்கத்துத் தோட்டம்தான், தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இன்னைக்கு என்னாண்ணே விசேஷம்? விடியக்காலையில சோறு ஆக்கிப்புட்டோம்?"

"பாறணைடா."

"அப்படின்னா?"

முன்னால் யாரோ பில் துண்டோடு வந்து காசு மேசையைத் தட்டினார். கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன்.