மூணாம் நம்பர் எது?

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் சேர்ந்த புதிதில் என் தலையில் விழுந்த முதல் பெரிய வேலை, எண்டியூரன்ஸ் பெஞ்சுக்கு ஸ்கிரீன் செய்வது. பன்னிரண்டு பம்புகள் வரிசையாக இரவும் பகலும் ஓடும். ஒவ்வொன்றுக்கும் பிரஷர், ஃப்ளோ, ஆம்பியர், வைண்டிங் சூடு, அப்புறம் ஒரு விளக்கு. ஒழுங்காக ஓடினால் பச்சை, எல்லை தாண்டினால் சிவப்பு. ஸ்டார்ட், ஸ்டாப் எல்லாம் கையால்தான். ஸ்கிரீன் பார்ப்பதற்கு மட்டும்.

லேப்வியூவில் செய்தேன். வரி வரியாக நிரல் எழுதாமல், கட்டங்களை வைத்து ஒயர் இழுத்து நிரல் செய்கிற மென்பொருள் அது. 1986-ல் முதலில் மேகின்டாஷுக்காக வந்தது. ஒவ்வொரு நிரலுக்கும் இரண்டு முகம்: முன்னால் மீட்டரும் குமிழும் விளக்கும் இருக்கிற ஃப்ரண்ட் பேனல், பின்னால் ஒயர்கள் ஓடுகிற பிளாக் டயகிராம். தசம எண் போகிற ஒயர் ஆரஞ்சு, முழு எண் நீலம், எழுத்து என்றால் பிங்க். எலக்ட்ரிக்கல் படித்தவனுக்கு இதைவிடத் தோதான மொழி கிடையாது என்று அப்போது நினைத்தேன்.

ஒரு பம்புக்கான ஐந்து விஷயங்களையும் ஒரு கிளஸ்டரில் போட்டேன். கிளஸ்டர் என்பது டிபன் கேரியர் மாதிரி. ஒரு அடுக்கில் சாதம், ஒன்றில் குழம்பு, பிடி ஒன்றுதான். ஒரே மாதிரிக் கட்டங்களை வரிசையாக அடுக்குவதற்குப் பெயர் அரே. அந்தக் கேரியரை அப்படியே ஒரு அரேக்குள் இழுத்து விட்டால் அதே மாதிரி பன்னிரண்டு கிடைத்துவிடும். ஒன்றை அழகுபடுத்தினால் பன்னிரண்டும் அழகாகும். ஸ்கிரீனில் ஆறுதான் கொள்ளும், மீதிக்கு ஸ்க்ரோல் பார். அரை நாளில் முடிந்த வேலை.

ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் 'பிரஷர்', 'ஃப்ளோ' என்று லேபிள் பளிச்சென்று இருந்தது. அது எந்தப் பம்பின் பிரஷர் என்பதுதான் எங்கேயும் இல்லை. அரேயின் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் இருக்கும். மேலே தெரிகிற முதல் கட்டத்தின் எண்ணை அது காட்டும். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும், அதாவது முதல் பம்ப் அதற்கு 0.

ஒரு நாள் சாயங்காலம் ஸ்க்ரோல் செய்தபோது மேல் கட்டத்தில் சிவப்பு எரிந்தது. பெட்டியில் 3. இன்டர்காமை எடுத்து, "அண்ணா, மூணாம் நம்பரை நிறுத்திருங்க" என்றேன். ஆபரேட்டர் அண்ணன் நிறுத்தினார். சிவப்பு அணையவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், தரையில் மஞ்சள் பெயிண்டில் '3' என்று எழுதிய இடத்தில், இடைவிடாமல் முந்நூறு மணி நேரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த பம்ப் நின்றிருந்தது. பக்கத்தில் நாலாம் நம்பர் கையை வைக்க முடியாத சூட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க சார், அது நல்லாத்தானுங்க ஓடிட்டிருந்துச்சு. நீங்க மூணுன்னீங்க" என்றார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தச் சோதனை முதலிலிருந்து தொடங்கியது.

மறுநாள் நான் செய்த சரிக்கட்டல் அதைவிட மோசம். எண் பெட்டியை மறைத்துவிட்டு, அரேயின் ஓரமாக 1, 2, 3 என்று வெறும் எழுத்தை ஒட்டினேன். யாரோ ஸ்க்ரோல் பாரைத் தொட்டதும் உள்ளே இருந்த கட்டங்கள் நகர்ந்தன, நான் ஒட்டிய எண்கள் அசையவில்லை. ரயில் போய்விட்டது, பெயர்ப்பலகை அங்கேயே நிற்கிறது.

அப்புறம் புத்திசாலித்தனமாக ஒன்று செய்து பார்த்தேன். விளக்கின் மேலே எழுத்து போட வசதி உண்டு, ஓடும்போதே அதை மாற்றவும் முடியும். ஒரு லூப் போட்டு ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எழுதினேன். ரன் அழுத்தினேன். பன்னிரண்டு விளக்கிலும் '12'. லூப்பை மெதுவாக்கிப் பார்த்தபோது எல்லா விளக்கும் ஒன்றாக 1 ஆகி, ஒன்றாக 2 ஆகி, பரேடு மாதிரி நகர்ந்தன.

எரிச்சலாக இருந்தாலும் விஷயம் அங்கேதான் விளங்கியது. அரே என்றாலே எல்லாக் கட்டமும் ஒரே அச்சு. நிறம், அளவு, லேபிள், விளக்கின் மேல் எழுத்து எல்லாம் அச்சுக்குச் சொந்தம். கட்டத்துக்குக் கட்டம் மாறக்கூடியது மதிப்பு மட்டும்தான். நான் பம்பின் பெயரை அலங்காரம் என்று நினைத்து வெளியே தேடிக்கொண்டிருந்தேன். பிரஷர் எப்படிப் பம்புக்குப் பம்பு மாறுமோ அப்படித்தான் பெயரும். அதுவும் கேரியருக்குள் ஓர் அடுக்காகப் போக வேண்டியது. எங்கள் பேனல் ஒயரிங் பையன் ஒவ்வொரு ஒயர் முனையிலும் நம்பர் ஃபெரூல், அதாவது எண் போட்ட சின்ன வளையம், மாட்டாமல் டெர்மினலில் முறுக்க மாட்டான். ஒயர் எங்கே போனாலும் ஃபெரூல் கூடவே போகும். நான் கதவில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

சரி என்று கிளஸ்டருக்குள் ஓர் எழுத்துப் பெட்டியைச் சேர்த்தேன். கிளாசிக் வகைப் பெட்டியை எடுத்து, பெயிண்ட் கருவியால் பின்னணியையும் விளிம்பையும் நிறமில்லாமல் ஆக்கினால் அசல் லேபிள் மாதிரியே இருக்கும், பெட்டி என்றே தெரியாது. ஆனால் கிளஸ்டரை டைப்டெஃப் ஆக்கி, அதாவது ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறுகிற பொது அச்சாக்கி, வைக்காத சோம்பேறித்தனத்துக்குப் பலன் உடனே கிடைத்தது. மாற்றத்தை அந்தக் கிளஸ்டர் இருந்த ஒவ்வொரு நிரலிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. திறந்த நிரல்களிலெல்லாம் ரன் பட்டனின் அம்பு உடைந்து நின்றது, நிரல் ஓடாது என்பதற்கு அடையாளம். அதைக்கூட மன்னிக்கலாம், உடைந்தால் கண்ணுக்குத் தெரியும். கிளஸ்டரின் அடுக்குகளைப் பெயரால் பிரிக்காமல் வரிசையால் பிரித்திருந்த ஓரிடத்தில், அடுக்குகளை நான் மாற்றி அடுக்கியதில் பிரஷரும் சூடும் இடம் மாறிவிட்டன. இரண்டும் ஆரஞ்சு ஒயர், அதனால் ஒரு புகாரும் வரவில்லை. 62 டிகிரி பிரஷரைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

பெயர்களை ஒரு கான்ஃபிக் ஃபைலில் வைத்தேன். ஆபரேட்டர் அண்ணனே மாற்றிக்கொள்ளலாம். ஆசையாகத் தமிழில் தட்டினார். ஸ்கிரீனில் வரிசையாகக் கேள்விக்குறிகள். லேப்வியூவின் எழுத்துப் பெட்டி விண்டோஸின் பழைய கோட் பேஜை, அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியலை, நம்பியிருந்தது, தமிழுக்கு அப்படி ஒரு கோட் பேஜே கிடையாது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினால் போதும் என்று சமாதானம் ஆனோம்.

மஞ்சள் பெயிண்ட் எண்ணோடு அவர் சேர்த்த பெயர்கள் எனக்குத் தோன்றியிருக்காது: '1 வாசல்', '5 தூண் ஓரம்', '12 டேங்க் பக்கம்'. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் வந்து பார்த்தால் ஒன்பதாவது கட்டத்தில் '9 தொடாதீங்க சார்' என்று இருந்தது. போய்க் கேட்டேன். ராத்திரி ஃப்ளோ மீட்டரைக் கழற்றி எடுத்திருக்கிறார்கள், நான் சிவப்பைப் பார்த்ததும் பம்பை நிறுத்தச் சொல்லிவிடுவேன் என்று பயந்திருக்கிறார்.