ஸ்டாம்ப் ஆல்பத்துக்கு விலை கேட்கப் போகும் முன்

வீட்டில் இருந்த தபால்தலைச் சேகரிப்பை மதிப்பிட்டு, ஒரு பகுதியை விற்ற அனுபவத்தில் தெரிந்துகொண்டவை இவை. விற்பதா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில், எதையும் சுத்தம் செய்ய இறங்காதீர்கள். பழைய உறையில் ஒட்டிய தபால்தலையை வெட்டி எடுக்கவோ தண்ணீரில் ஊறவைக்கவோ கூடாது. தபால் அலுவலகம் குத்திய முத்திரையில் ஊரும் தேதியும் தெளிவாகத் தெரிந்தால், தலையைவிட உறைக்கே விலை கூடுதலாக இருக்கலாம். ஆல்பத்தின் வரிசையையும் கலைக்க வேண்டாம். சேகரித்தவர் ஓரத்தில் எழுதிய குறிப்புகள் மதிப்பிடுபவருக்கு உதவும்.

பழசு என்றாலே அரிது என்று பலர் நம்புகிறார்கள். 1840இல் வந்த பென்னி பிளாக் உலகின் முதல் தபால்தலை, ஆனால் 6.8 கோடிக்கு மேல் அச்சானது. அதற்குத் துளைப்பல் (பிய்த்தெடுக்க ஓரத்தில் இடும் துளை வரிசை) கிடையாது, கத்தரியால் வெட்டினார்கள். அதனால் நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் தப்பியிருக்கிறதா என்பதே விலையைத் தூக்கும், இறக்கும்.

இடுக்கி, பத்து மடங்கு லென்ஸ், பல் அளவி (ஓரத் துளைகளை அளக்கும் அளவுகோல்) ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். பல் 14 என்றால் 2 செ.மீ. நீளத்தில் 14 துளைகள் என்று கணக்கு. படம் ஒன்றாகவே இருந்தாலும் பல் எண்ணிக்கையோ காகிதத்துக்குள் பதிந்திருக்கும் நீர்க்குறியோ மாறினால் கேட்டலாக்கில் (தலைகளின் வகையையும் விலையையும் தரும் பட்டியல் நூல்) அது வேறு தலை, விலையும் வேறு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் காகிதம் மெலிந்த இடம் வெளுப்பாகத் தெரியும். மெலிவு, மடிப்பு, முறிந்த பல், துருப்புள்ளி எல்லாமே விலையைக் குறைப்பவை.

பயன்படுத்தாத பழைய தலையில் பின்பக்கப் பசையைக் கூர்ந்து பாருங்கள். தாளில் பசை பூசிய பிறகே துளையிடுவார்கள் என்பதால், பிய்த்த பல் நுனியில் காகித நார் மெத்தென்று பிரிந்திருக்கும். பின்னாளில் யாராவது மறுபசை பூசியிருந்தால் நுனியிலும் பசை ஏறி நார் விறைத்திருக்கும். ஒரு தலையை நான்கு மூலையும் சுற்றிப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

கேட்டலாக் விலை என்பது நல்ல நிலையில் உள்ள தலையை டீலர் விற்கும் விலை. நமக்கு அவர் கொடுப்பது அதில் ஒரு பங்குதான். மிகச் சாதாரணத் தலைகளுக்குப் போட்டிருக்கும் குறைந்தபட்ச விலை, அதை எடுத்து வைத்துத் தரும் கூலி. அப்படிப்பட்ட ஆயிரம் தலைகளின் விலையைக் கூட்டி மனக்கோட்டை கட்டுவதால்தான் பேரம் கசந்துபோகிறது. சேகரிப்பின் மதிப்பு பெரும்பாலும் ஒரு சில பக்கங்களிலேயே அடங்கியிருக்கும்.

மதிப்பீடு கேட்கும்போது எதற்காக என்று சொல்லுங்கள். காப்பீட்டுக்கான தொகை, திரும்ப வாங்க ஆகும் செலவு. விற்பனைக்கான தொகை அதைவிடக் குறைவு. கட்டணம் நேரத்துக்கோ வேலைக்கோ இருக்கட்டும், மதிப்பில் சதவீதமாக வேண்டாம். வாங்க வருபவர் சொல்லும் மதிப்பை மட்டும் நம்பக் கூடாது. ஆல்பத்தை விட்டுவருவதானால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். தலை அசல்தான் என்று தரும் நிபுணர் சான்றிதழ், அதன் கட்டணத்தைவிடப் பல மடங்கு விலைபோகக்கூடிய தலைகளுக்கு மட்டும் போதும். மேலச்சு (அச்சான தலையின் மேல் பிறகு அச்சிட்ட எழுத்து அல்லது எண்) உள்ள தலைகளில் போலி அதிகம் என்பதால் அங்கே அவசியம்.

டீலரிடம் பணம் உடனே கிடைக்கும், தொகை குறையும். ஏலத்தில் கூடலாம், ஆனால் கமிஷன், படக்கட்டணம், காப்பீடு எல்லாம் கழித்து, வாரக்கணக்கில் காத்திருந்துதான் கைக்கு வரும். விலைபோகாவிட்டாலும் கட்டணம் உண்டா என்று முன்பே கேளுங்கள். எந்த வழியானாலும் இரண்டு விலை கேட்பது என் பழக்கம்: மொத்தமாக எடுத்தால் எவ்வளவு, நல்ல தலைகளை நான் வைத்துக்கொண்டால் எவ்வளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அந்தச் சில தலைகளுக்கு அவர் போடும் விலை. அது குறைவாகப் பட்டால் மீதியை மட்டும் கொடுத்துவிடலாம்.

வைத்துக்கொள்பவற்றை பிவிசி உறையில் போடாதீர்கள், அதிலுள்ள வேதிப்பொருள் தலையைக் கெடுக்கும். ஆல்பத்தைப் படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி, ஈரம் சேராத அலமாரியில் வையுங்கள்.