இன்னும் கொஞ்சம் திருப்புங்க அக்கா

“நான் கழுத்தைச் சரியா திருப்பலைன்னா, எனக்கு வியாதி இருக்குன்னு உங்க மிஷின் காட்டிடுமா மேடம்?”

கேட்டவர், தலைச்சுற்றலுக்காக என்னிடம் காது டெஸ்டுக்கு வந்த, பெங்களூரு பீன்யாவில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் அக்கா. சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். எனக்குத் தமிழ் தெரியும் என்றதும் மடமடவென்று கொட்டிவிட்டார். தையல் மெஷினில் குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றுகிறதாம், டார்கெட் முடியவில்லையாம். சூப்பர்வைசர் நடிப்பு என்கிறாராம். டாக்டர் சீட்டு இருந்தால் செக்கிங் பக்கம் மாற்றிவிடுவார்களாம்.

“ஆமாம் அக்கா, அப்படிக் காட்ட வாய்ப்பிருக்கு” என்றேன். அந்தப் பதில்தான் இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பதில் உண்மைதான். உள்காதின் சமநிலை உறுப்பைச் சோதிக்கும் வெம்ப் (VEMP) டெஸ்டில் சத்தம் போவது காதுக்கு, எலக்ட்ரோடு ஒட்டுவது கழுத்துக்கு. 500 ஹெர்ட்ஸில் உரத்த ஒலித்துடிப்புகள் கொடுக்கிறோம். உள்காதில் இருக்கும் சாக்யூல் என்ற சின்னப் பை அதை உணர்ந்ததும், அதே பக்கத்துக் கழுத்துத் தசை, ஏற்கனவே இறுகியிருந்தால், ஒரு கணம் தளர்கிறது. 13 மில்லிசெகண்டை ஒட்டி ஓர் அலை, 23ஐ ஒட்டி அதற்கு எதிர் அலை. தசை இறுகவே இல்லையென்றால் தளர என்ன இருக்கிறது? காது நன்றாக இருந்தாலும் கோடு படுத்துவிடும்.

ஆனால் சீட்டு தேவைப்படுகிற ஒருவரிடம், டெஸ்டுக்கு முன்னாலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டுமா? கன்னடம் மட்டும் பேசுபவராக இருந்திருந்தால் “திருப்புங்க, அப்படியே வைங்க” என்பதோடு என் விளக்கம் முடிந்திருக்கும். நம்ம ஊர்ப் பேச்சு கேட்ட சந்தோஷத்தில் நீட்டிவிட்டேனோ என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. தன் கழுத்தை ஏன் வலிக்க வலிக்கத் திருப்பச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இல்லையா என்று இன்னொரு பக்கம்.

வலது காதுக்கு அலை நன்றாக வந்தது. இடது காதுக்குத் தலையை வலப்பக்கம் திருப்பச் சொன்னபோது பாதிகூட வரவில்லை. திரையில் தசை இறுக்கத்தைக் காட்டும் பட்டையும் கீழே இறங்கியிருந்தது. “இன்னும் கொஞ்சம் திருப்புங்க அக்கா.” “இவ்வளவுதான் முடியும்மா.” ஊசித் தழும்பு ஏறிய விரல்கள் நாற்காலி ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. விரல்களில் இருந்த அந்த இறுக்கம் கழுத்தில் மட்டும் இல்லை. வருடக்கணக்காகக் குனிந்து தைத்த கழுத்து, வலி இருக்கத்தான் செய்யும். நான் சொன்னதைக் கேட்டுத் தளர்த்தியும் இருக்கலாம். இரண்டுக்கும் திரையில் ஒரே கோடுதான்.

அலையின் உயரத்தைத் தசை இறுக்கத்தால் வகுத்துப் பார்த்தேன். இரண்டு காதுக்கும் வித்தியாசம் போய்விட்டது, அதாவது நார்மல். அதைத்தான் எழுத முடியும், எழுதினேன். கூடவே ஒரு வரி: ‘இந்த முடிவை மட்டும் வைத்துத் தலைச்சுற்றல் இல்லை என்று கொள்ள முடியாது.’ இந்த டெஸ்ட் சாக்யூலையும் அதிலிருந்து போகும் கீழ்ச் சமநிலை நரம்பையும்தான் பார்க்கிறது. உள்காதின் இன்னொரு சமநிலைப் பையான யூட்ரிக்கிளுக்கு, கண்ணுக்குக் கீழே எலக்ட்ரோடு ஒட்டிச் செய்யும் வெம்ப் வேறு, தலை சுழல்வதை உணரும் அரைவட்டக் குழாய்களுக்கு வேறு சோதனைகள்.

சீனியர் பார்த்துவிட்டு, “ரிப்போர்ட்ல பேஷண்டுக்காக வாதாடாதீங்க, அதை டாக்டர் பார்த்துப்பார்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அந்த வரியை எல்லாருக்குமா எழுதுகிறேன்? அதுவரை எழுதியதில்லையே. ஆனாலும் அடிக்கவில்லை. ஃபாக்டரியில் ‘நார்மல்’ என்ற ஒரு வார்த்தையை மட்டும் படித்துவிட்டு அவரைப் பழைய மெஷினுக்கே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.

1992இல் சிட்னியில் கோல்பாட்சும் ஹல்மாகியும் இந்த அலையைப் பற்றி எழுதியபோது, சமநிலை நரம்பு ஒரு பக்கம் வெட்டப்பட்டவர்களையும் சோதித்திருந்தார்கள். வெட்டிய பக்கம் அலை இல்லை. அவ்வளவு தெளிவான பதில்! எனக்கு வருபவர்களுக்கு நரம்பு முழுசாக இருக்கிறது, கழுத்து வலிக்கிறது, வீட்டு வாடகை இருக்கிறது.

இப்போதெல்லாம் எலக்ட்ரோடு ஒட்டும் முன் கழுத்து வலி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். காரணத்தை முன்னால் சொல்வதா, முடிந்தபின் சொல்வதா என்பதில் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறேன். அந்தக் கூடுதல் வரியையும் சிலருக்கு எழுதுகிறேன், சிலருக்கு விட்டுவிடுகிறேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சீனியர் சொல்வதுதான் சரி என்று எனக்கும் தெரிகிறது.