சம்பளம் வாங்கிய ரப்பி

ரப்பிகளின், அதாவது யூத மதகுருக்களின், வரலாற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் சிமோன் பென் செமா துரான். ஆரம்ப நாட்களில் ரப்பிகள் பலர் கைத்தொழில் செய்துதான் பிழைத்தார்கள். 2ஆம் நூற்றாண்டில் யோகனான் என்ற ரப்பி செருப்புத் தைத்தார். யூதர்களின் வேதமான தோராவைச் சொல்லிக் கொடுத்துக் காசு வாங்கக் கூடாது என்று 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடீஸ் கறாராக எழுதினார். அவர் எகிப்தில் வைத்தியர்.

துரானும் வைத்தியர்தான், ஸ்பெயினை ஒட்டிய மயோர்க்கா தீவில். 1391இல் யூதர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் சொத்தெல்லாம் பறிபோய் வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸுக்குத் தப்பி வந்தார். அங்கே வைத்தியம் சோறு போடவில்லை. அப்புறம் என்ன செய்வார்? யூதச் சமூகத்திடம் ரப்பி வேலைக்குச் சம்பளம் வாங்கினார். அது ஏன் சரி என்று விரிவாக வாதாடியும் எழுதினார்: மைமோனிடீஸுக்கு அரண்மனைத் தொடர்பு இருந்தது, எல்லோருக்கும் அது வாய்க்குமா? இந்தக் கேள்வி எனக்கு முழுக்க நியாயமாகவே படுகிறது.